ராக்கெட் புகை எங்கே போகிறது?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் புறப்படும் நாட்களில் பழவேற்காட்டுக் கரையிலும் வடசென்னையின் மொட்டை மாடிகளிலும் மக்கள் கூடி நின்று வானத்தைப் பார்ப்பது வழக்கம். தீப்பிழம்பு கண்ணுக்கு மறைந்த பின்னும் அது விட்டுச்சென்ற வெண்புகைக் கோடு சில நிமிடங்கள் வானில் நிற்கும். வெவ்வேறு உயரங்களில் வீசும் காற்று அதை வெவ்வேறு திசைகளில் இழுப்பதால், கோடு நெளிந்து, முறுக்கிக்கொண்டு, பின்னர் கலைந்துபோகும். பார்த்தவர்கள் வீடு திரும்பிவிடுவார்கள். செயற்கைக்கோள் உரிய சுற்றுப்பாதையை அடைந்ததா என்பதே அடுத்த செய்தியாக இருக்கும். அந்தப் புகை என்ன ஆயிற்று என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

வளிமண்டல அறிவியலாளர்கள் அந்தக் கேள்வியை இப்போது அழுத்தமாகக் கேட்கிறார்கள். காரணம் எளியது. 2010ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் நடந்த ராக்கெட் ஏவுதல்கள் 75க்கும் குறைவு. 2024ஆம் ஆண்டிலோ அந்த எண்ணிக்கை 250ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை அமெரிக்காவுக்கு உரியவை. அடுத்த இடம் சீனாவுக்கு. ஸ்பேஸ்எக்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் ஃபால்கன் ராக்கெட்டுகள் மட்டும் அந்த ஆண்டில் 130 முறைக்கு மேல் பறந்தன. அரசுகள் எப்போதாவது நடத்தும் அரிய நிகழ்வாக இருந்த ஏவுதல், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை நடக்கும் சரக்குப் போக்குவரத்தாக மாறியிருக்கிறது. அந்தப் போக்குவரத்தின் புகை செல்லும் இடம், சாலைப் புகையும் ஆலைப் புகையும் செல்லாத ஓர் இடம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மழை எட்டாத உயரம்

நாம் வாழும் கீழடுக்கு வளிமண்டலம் வெப்பமண்டலப் பகுதிகளில் 16 முதல் 18 கிலோமீட்டர் உயரம் வரையிலும், துருவங்களில் 8 அல்லது 9 கிலோமீட்டர் வரையிலும் பரவியுள்ளது. மேகமும் மழையும் புயலும் இதற்குள்தான். லாரியின் புகைபோக்கியிலிருந்தோ செங்கல் சூளையிலிருந்தோ வெளியேறும் கரித்துகள் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் மழையோடு மண்ணுக்கு வந்துவிடுகிறது. அதனால் தீங்கு இல்லை என்று பொருளல்ல. ஆனால் காற்றைக் கழுவும் ஏற்பாடு ஒன்று இங்கே இயங்கிக்கொண்டே இருக்கிறது.

அதற்கு மேல், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரை இருப்பது ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் மீள் அடுக்கு. வளிமண்டலத்தின் ஓசோனில் 90 சதவீதம் இங்கேதான் உள்ளது. சூரியனின் புற ஊதாக் கதிர்களை ஓசோன் உறிஞ்சிக்கொள்வதால், இந்த அடுக்கில் மேலே செல்லச் செல்ல வெப்பம் கூடுகிறது. கனமான குளிர்காற்று கீழேயும் லேசான வெப்பக்காற்று மேலேயும் இருப்பதால், நீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல் அடுக்குகள் எளிதில் கலப்பதில்லை. மழை கிடையாது. அங்கே சேரும் நுண்துகள் கீழே இறங்க இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்கூட ஆகலாம்.

இதற்கு இயற்கையே ஒரு சான்று தந்திருக்கிறது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபோது கந்தக வாயு மீள் அடுக்கு வரை சென்றது. அங்கே உருவான கந்தக அமிலத் துளிகள் உலகம் முழுவதும் பரவி, பூமியின் சராசரி வெப்பநிலையை ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குறைத்தன. அந்த விளைவு இரண்டு ஆண்டுகள் வரை நீடித்தது. அதே வாயு தரைமட்டத்தில் வெளியேறியிருந்தால் சில நாட்களில் அமில மழையாக இறங்கிப் போயிருக்கும். ஒரு மாசுப் பொருள் எவ்வளவு வெளியேறுகிறது என்பதோடு, எந்த உயரத்தில் வெளியேறுகிறது என்பதும் முக்கியம் என்பதை பினாடுபோ காட்டியது.

பயணிகள் விமானங்கள் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது இரு அடுக்குகளின் எல்லையை ஒட்டியே பறக்கின்றன. மீள் அடுக்கின் அடி முதல் முடி வரை எரிபொருளை எரித்துக்கொண்டே கடந்து செல்லும் மனிதப் படைப்பு ராக்கெட் ஒன்றுதான். அந்த அடுக்கைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் சுமார் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தின் புகை ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கிவிடுகிறது.

ராக்கெட் என்றதும் கரியமில வாயுவைப் பற்றிக் கவலைப்படுவோர் உண்டு. அந்தக் கணக்கில் ராக்கெட்டின் பங்கு மிகச் சிறியது. உலகின் விமானங்கள் எரிக்கும் எரிபொருளில் ஒரு சதவீதத்தைக்கூட ராக்கெட்டுகள் எரிப்பதில்லை. ஆனால் கரித்துகளின் கணக்கு வேறு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் எலோயிஸ் மராய்ஸும் அவரது குழுவினரும் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, ராக்கெட் வெளியிடும் கரித்துகள் ஒவ்வொரு கிராமும், தரையிலும் விமானங்களிலுமிருந்து வரும் கரித்துகளைவிட ஏறத்தாழ 500 மடங்கு திறனுடன் வளிமண்டலத்தில் வெப்பத்தைத் தேக்குகிறது. உயரமும் தங்கும் காலமும் சேர்ந்து செய்யும் வேலை இது.

எரிபொருளுக்கு ஏற்ற புகை

எல்லா ராக்கெட் புகையும் ஒன்றல்ல. என்ன எரிகிறதோ அதைப் பொறுத்துப் புகையின் குணம் மாறுகிறது. இன்று வழக்கில் உள்ள எரிபொருள்களைப் பொதுவாக நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தூய்மைப்படுத்திய மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும். ஃபால்கன் 9, ரஷ்யாவின் சோயுஸ் போன்றவை இவற்றால் இயங்குகின்றன. ஒரு ஃபால்கன் 9 சுமந்து செல்லும் எரிபொருளும் ஆக்சிஜனும் சேர்ந்து ஏறத்தாழ 500 டன். மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியில் கரி படிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த எரிபொருளின் குணம் புரியும். முழுமையாக எரியாத கார்பன், கரித்துகளாக வெளியேறுகிறது.

இரண்டாவது, திட எரிபொருள். அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பும் அலுமினியத் தூளும் ரப்பர் போன்ற ஒரு பிசினில் கலந்து இறுகவைக்கப்பட்டிருக்கும். நீண்ட காலம் சேமிக்கலாம். புறப்படும் கணத்தில் பெரும் உந்துவிசை தரும். ஆனால் இதன் புகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் குளோரைடு. மூன்றில் ஒரு பங்கு அலுமினியம் ஆக்சைடு நுண்துகள். குளோரின் ஓசோனுக்குப் பகை. அலுமினியம் ஆக்சைடு துகள்களின் பரப்போ, செயலற்ற சேர்மங்களில் கட்டுண்டிருக்கும் குளோரினை விடுவிக்கும் வினைகளுக்கு இடம் தருகிறது.

மூன்றாவது, ஹைட்ரசீன் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும். ஒன்றோடொன்று தொட்டவுடன் தீப்பற்றும் இவை கடும் நச்சுத்தன்மை கொண்டவை. ரஷ்யாவின் புரோட்டான், சீனாவின் பழைய லாங் மார்ச் ராக்கெட்டுகள் ஆகியவை இவற்றையே பயன்படுத்துகின்றன.

நான்காவது, திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும். வெளியேறுவது பெரும்பாலும் நீராவி. நான்கிலும் இதுவே தூய்மையானது என்றாலும், முற்றிலும் விளைவற்றது என்று சொல்ல முடியாது. ஈரமே இல்லாத மேலடுக்கில் நீராவியும் அந்நியப் பொருள்தான். அமெரிக்க விண்வெளி ஓடம் ஒவ்வொரு முறையும் சுமார் 300 டன் நீராவியை 100 கிலோமீட்டருக்கும் மேலே விட்டுச்சென்றது. அது துருவப் பகுதிகளுக்கு நகர்ந்து, இரவிலும் ஒளிரும் மிக உயரமான பனிமேகங்களாக உறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

இவை தவிர எல்லா ராக்கெட்டுகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. கொதிக்கும் புகை சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும்போது, அதிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. இவையும் ஓசோனைச் சிதைப்பவையே.

விண்வெளி ஓடம் காட்டிய குளோரின்

ஓசோனுக்கும் ராக்கெட்டுக்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பல்ல. சொல்லப்போனால், குளோரின் ஓசோனை அழிக்கும் என்ற அறிவின் ஒரு தொடக்கம் ராக்கெட் புகையிலேயே இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் நாசா விண்வெளி ஓடத்தைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. அதன் இரு பக்கங்களிலும் பொருத்தப்படவிருந்த திட எரிபொருள் உந்திகள் ஒவ்வொன்றிலும் சுமார் 500 டன் எரிபொருள். அவற்றின் புகை சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று ஆராயும் பணி மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்டோலார்ஸ்கி, ரால்ஃப் சிசெரோனி ஆகியோரிடம் வந்தது. குளோரின் அணு ஓசோனைச் சிதைத்துவிட்டு, தான் அழியாமல் மீண்டும் மீண்டும் அதே வேலையைச் செய்யும் என்பதை அவர்கள் கண்டறிந்தனர். இந்த வினைச்சங்கிலியில் ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கக்கூடும்.

1974இல் ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளூரோகார்பன்களே மீள் அடுக்குக்குக் குளோரினைக் கொண்டு செல்லும் பெரிய வழி என்று எடுத்துக்காட்டினர். 1985இல் அன்டார்க்டிகாவின் மேல் ஓசோன் துளை கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16 அன்று, மாண்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதில் இணைந்தன. ரோலண்டும் மொலினாவும், நைட்ரஜன் ஆக்சைடுகளின் பங்கை விளக்கிய பால் குருட்சனும் 1995இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மாண்ட்ரியல் நெறிமுறை தொழிற்சாலைகளில் உற்பத்தியாகும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தியது. ராக்கெட் புகை அதன் வரம்புக்குள் வரவில்லை. அன்று அது பெரிய குறையாகத் தெரியவில்லை. 1981 முதல் 2011 வரையிலான 30 ஆண்டுகளில் விண்வெளி ஓடம் மொத்தமே 135 முறைதான் பறந்தது. 1990களில் டைட்டன் 4 ராக்கெட்டின் புகைக்கோட்டுக்குள் ஆய்வு விமானத்தைச் செலுத்தி அளந்தபோது, சில கிலோமீட்டர் அகலத்துக்கு ஓசோன் ஏறத்தாழ முற்றிலும் இல்லாமல் போயிருந்தது. ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுற்றியிருந்த காற்று கலந்து அந்த இடைவெளி மறைந்தது. எப்போதாவது ஒரு ராக்கெட் என்றால் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பது அன்றைய முடிவு. அந்த முடிவு தவறல்ல. அது ‘எப்போதாவது’ என்ற சொல்லின் மேல் நின்றிருந்தது.

ஆயிரம் டன் கரி

இன்று அந்தச் சொல் பொருந்தாது. அமெரிக்கக் கடல்சார், வளிமண்டல நிர்வாக அமைப்பின் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, ராக்கெட்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 டன் கரித்துகளை மீள் அடுக்கில் சேர்க்கின்றன. அது 10 மடங்காக உயர்ந்தால் என்னவாகும் என்பதையும் அவர்கள் கணினி மாதிரிகளில் ஆராய்ந்தனர். மீள் அடுக்கின் வெப்பநிலை இடத்துக்கு ஏற்ப அரை டிகிரி முதல் இரண்டு டிகிரி செல்சியஸ் வரை கூடுகிறது. மேலடுக்குக் காற்றோட்டங்களின் வேகம் மாறுகிறது. வட அரைக்கோளத்தில் ஓசோன் குறைகிறது. கரித்துகள் ஓசோனை நேரடியாகத் தின்பதில்லை. சூரிய ஒளியை உறிஞ்சிச் சுற்றுப்புறத்தைச் சூடாக்குகிறது. சூடான காற்றில் ஓசோனைச் சிதைக்கும் வினைகள் விரைவடைகின்றன. ஓசோனைத் துருவங்களை நோக்கிக் கொண்டுசெல்லும் காற்றோட்டமும் மாறுகிறது.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா ரெவல் முதலானோர் 2025இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணத்தில் பார்க்கிறது. ஆண்டுக்கு 2,040 ஏவுதல்கள் என்ற நிலை 2030வாக்கில் வந்துவிட்டால், உலகின் சராசரி ஓசோன் அளவு 0.29 சதவீதமும், அன்டார்க்டிகாவின் வசந்தகால ஓசோன் 3.9 சதவீதமும் குறையும் என்கிறது அந்த ஆய்வு. இதற்கு முதன்மைக் காரணங்களாக அது சுட்டுவது இரண்டு: திட எரிபொருளின் குளோரின், மண்ணெண்ணெயின் கரித்துகள்.

0.29 சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றலாம். அது எதிலிருந்து கழிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். உலக வானிலை அமைப்பும் ஐநா சுற்றுச்சூழல் திட்டமும் இணைந்து வெளியிட்ட 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஓசோன் படலம் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்புவது உலகின் பெரும்பகுதியில் 2040வாக்கிலும், வடதுருவத்தில் 2045வாக்கிலும், அன்டார்க்டிகாவில் 2066வாக்கிலும்தான். மிக மெதுவாக ஆறிவரும் காயம் இது. உலக நாடுகள் ஒன்றுபட்டு, தொழில்துறையை மாற்றியமைத்து, பல பத்தாண்டுகள் காத்திருந்து பெறவேண்டிய நலனை, எந்த விதிக்கும் உட்படாத ஒரு புதிய மூலம் சிறிது சிறிதாகக் கரைத்துவிடலாகாது.

திரும்பி வரும் உலோகம்

ஏறும்போது விடும் புகை பாதிக் கதைதான். மேலே சென்றவை ஒருநாள் கீழே வர வேண்டும். தாழ்வான சுற்றுப்பாதைகளில் ஆயிரக்கணக்கில் நிறுத்தப்படும் இணையச் செயற்கைக்கோள்களின் ஆயுள் ஐந்து ஆண்டு அளவே. பணி முடிந்ததும் அவை வளிமண்டலத்துக்குள் இறக்கப்பட்டு எரிக்கப்படுகின்றன. ‘எரிந்து சாம்பலாகிவிடும்’ என்று நாம் ஆறுதலுடன் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சாம்பல் ஆவியான உலோகம்.

2023 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அலாஸ்காவிலிருந்து பறந்த நாசாவின் ஆய்வு விமானம் மீள் அடுக்கின் துகள்களை ஒவ்வொன்றாகப் பகுத்தாய்ந்தது. அங்குள்ள கந்தக அமிலத் துகள்களில் சற்றுப் பெரியவற்றில் ஏறத்தாழ 10 சதவீதத்தில் செயற்கைக்கோள்களிலிருந்தும் ராக்கெட் பாகங்களிலிருந்தும் வந்த அலுமினியமும் பிற உலோகங்களும் இருந்தன. விண்கல் தூசியில் எதிர்பார்க்க முடியாத நையோபியம், ஹாஃப்னியம் ஆகியவையும் அவற்றில் காணப்பட்டன. வெப்பம் தாங்கும் ராக்கெட் உலோகக் கலவைகளில் பயன்படும் தனிமங்கள் இவை. லித்தியம், அலுமினியம், செம்பு, ஈயம் ஆகியவற்றில் மனிதர் அனுப்பிய பொருள்களிலிருந்து வரும் அளவு, இயற்கையான விண்தூசியிலிருந்து வருவதை மிஞ்சிவிட்டது என்று அந்த ஆய்வு தெரிவித்தது.

250 கிலோ எடையுள்ள ஒரு செயற்கைக்கோள் எரியும்போது ஏறத்தாழ 30 கிலோ அலுமினியம் ஆக்சைடு நுண்துகள் உருவாகலாம் என்கிறது 2024இல் வெளியான ஒரு மதிப்பீடு. விண்வெளிக் குப்பையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக, பணி முடிந்த செயற்கைக்கோளை ஐந்து ஆண்டுகளுக்குள் இறக்கிவிட வேண்டும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2022இல் விதி வகுத்தது. சுற்றுப்பாதையின் பாதுகாப்புக்கு அது தேவையான விதிதான். ஆனால் குப்பையைக் கொளுத்திவிட்டால் இடம் சுத்தமாகிவிட்டது என்று எண்ணுவது எவ்வளவு சரியோ, அவ்வளவே சரி இதுவும். கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் மரத்தாலான ஒரு சிறு செயற்கைக்கோளை உருவாக்கி 2024இல் விண்ணுக்கு அனுப்பியதன் நோக்கங்களுள் ஒன்று, எரியும்போது உலோகத் துகள்களை விடாத பொருளைத் தேடுவது.

சட்டத்தின் வெற்றிடம்

இந்தப் புகைக்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் விண்ணையும் பிற கோள்களையும் பற்றிப் பேசுகிறது. பூமியின் வளிமண்டலத்தில் விடும் புகைக்கு அளவு நிர்ணயிப்பதில்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் கவனம் பசுங்குடில் வாயுக்களின் மீது. மாண்ட்ரியல் நெறிமுறையின் பட்டியலில் ராக்கெட் புகை இல்லை; அதன் அறிவியல் மதிப்பீட்டு அறிக்கைகள் இந்தப் பிரச்சினையைக் குறிப்பிடுகின்றன என்பது மட்டுமே ஆறுதல். ஏவுதளங்களுக்கான சுற்றுச்சூழல் ஆய்வுகளோ பெரும்பாலும் தரையோடு நின்றுவிடுகின்றன: ஒலி, கடற்கரை, பறவைகள், மீன்பிடிப்பு. ராக்கெட் 20 கிலோமீட்டர் உயரத்தில் என்ன செய்கிறது என்பது எந்த அலுவலகத்தின் கோப்பிலும் தனித் தலைப்பாக இல்லை.

விதி இல்லாததைவிடப் பெரிய குறை, அளவீடு இல்லாதது. இந்த ஆய்வுகள் பலவும் தரையில் நடந்த எஞ்சின் சோதனைகளையும் சில பழைய விமான அளவீடுகளையும் நம்பியே கணக்கிடுகின்றன. பறக்கும் ராக்கெட் எந்த உயரத்தில் எவ்வளவு கரியை விடுகிறது என்பதை வெளிப்படையாக அறிவிக்க எந்த நிறுவனமும் கடமைப்பட்டிருக்கவில்லை. மீத்தேன் எரிபொருள் மண்ணெண்ணெயைவிடக் குறைந்த கரியையே உண்டாக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் மீத்தேனால் இயங்கும் ஸ்டார்ஷிப்பில் நிரப்பப்படும் எரிபொருளும் ஆக்சிஜனும் 4,500 டன்னுக்கும் மேல். ஃபால்கன் 9ஐப் போல ஒன்பது மடங்கு. ஒரு டன்னுக்கு எவ்வளவு கரி என்பது குறைந்தாலும், எரியும் டன்கள் பெருகினால் மொத்தம் எப்படி ஆகும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

இந்தியாவுக்கு என்ன பங்கு?

இந்தியா ஓராண்டில் ஏவும் ராக்கெட்டுகள் இன்னும் ஒற்றை இலக்கத்தில்தான் உள்ளன. மேலடுக்கில் இதுவரை சேர்ந்த புகையில் நமது பங்கு சொற்பம். ஆயினும் நமக்கு இதில் இரண்டு வகையில் அக்கறை உண்டு.

முதலாவது, நாம் எரிக்கும் பொருள். பிஎஸ்எல்வியின் முதல் கட்டத்தில் 138 டன் திட எரிபொருள் உள்ளது. எல்விஎம்3 ராக்கெட்டின் இரு பக்க உந்திகள் ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கும் மேல். நம் ராக்கெட்டுகள் மீள் அடுக்கைக் கடக்கும்போது பெரும்பாலும் எரிந்துகொண்டிருப்பது இந்த எரிபொருளே. அதன் வேதியியலைக் கொண்டு கணக்கிட்டால், ஓர் எல்விஎம்3 புறப்பாட்டில் தோராயமாக 80 டன் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி கீழடுக்கிலேயே கரைந்துபோகும்; எஞ்சியது மேலே தங்கும். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ஏவுதளம், மூன்று திட எரிபொருள் கட்டங்களைக் கொண்ட எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுகளுக்கானது. அங்கிருந்து தெற்கு நோக்கி நேராக ஏவலாம் என்பதால், இலங்கையைச் சுற்றி வளைந்து செல்வதில் வீணாகும் எரிபொருள் மிச்சமாகும். அது நல்லதே. தனியார் நிறுவனங்களும் அங்கே வரிசையில் நிற்கும் காலத்தில் ஏவுதல்களின் எண்ணிக்கை இன்றைய அளவில் நிற்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, விதிகள் வரும் நாள். வானத்தை நிரப்பியவர்கள் ஒருவர், வரம்பு விதிக்கப்படும்போது அதைச் சுமப்பவர்கள் வேறொருவர் என்ற நிலையைப் பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் நாம் நன்கு அறிவோம். ராக்கெட் புகைக்கும் ஒருநாள் வரம்பு வரும். அன்று நம்மிடம் சொந்த அளவீடுகள் இல்லாவிட்டால், பிறர் தயாரித்த எண்களின் மீதே பேச வேண்டியிருக்கும்.

அளப்பதற்கான வசதி நமக்குப் புதிதல்ல. 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து புறப்பட்ட முதல் ராக்கெட்டின் நோக்கமே மேல் வளிமண்டலத்தை ஆராய்வதுதான். ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளம் மீள் அடுக்குக்குக் கருவிகளை அனுப்பும் திறனுடையது. திருப்பதிக்கு அருகே கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தில் மேலடுக்குத் துகள்களை லேசர் ஒளியால் அளக்கும் லைடார் கருவிகள் இயங்குகின்றன. அதுவும் விண்வெளித் துறையின் கீழேயே வருகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வெகுதொலைவும் இல்லை. ஒரே துறையின் இரு கைகள் இணைந்தால் போதும். ஒவ்வோர் ஏவுதலையும் ஒரு வளிமண்டல ஆய்வாக மாற்றிவிட முடியும். வெப்பமண்டல வானில் ராக்கெட் புகையின் போக்கைப் பற்றி உலகுக்கே பயன்படும் தரவு அதிலிருந்து கிடைக்கும்.

எரிபொருள் தேர்விலும் இதே எச்சரிக்கை தேவை. மறுபயன்பாட்டுக்கு உரிய, மீத்தேனால் இயங்கும் புதிய தலைமுறை ராக்கெட்டுக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. மண்ணெண்ணெயால் இயங்கும் செமி-கிரையோஜெனிக் எஞ்சினும் உருவாகிவருகிறது. திட எரிபொருளிலிருந்து விலகினால் குளோரின் குறையும். மண்ணெண்ணெய்க்கு மாறினால் கரி கூடும். எடையையும் செலவையும் ஒப்பிடும் அட்டவணையில் மேலடுக்குப் புகைக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும். 2030க்குள் குப்பையற்ற விண்வெளிப் பயணங்கள் என்று இந்தியா அறிவித்துள்ள இலக்கில், எரிந்து விழும் உலோகத்தின் கணக்கும் சேர்க்கப்பட வேண்டும்.

நிறுத்துவதற்கல்ல, அளப்பதற்கு

ராக்கெட்டுகளே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013இல் பாய்லின் புயலுக்கு முன்பே லட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. அந்த முன்னறிவிப்புக்குச் செயற்கைக்கோள்களின் பங்கு பெரிது. ஓசோன் துளையின் பரப்பை உலகுக்குப் படமாகக் காட்டியதும் ஒரு செயற்கைக்கோள்தான். வளிமண்டலத்தைக் காக்கத் தேவைப்படும் கண்களை மேலே கொண்டுசெல்வது ராக்கெட்டே.

கேட்க வேண்டியவை எளிய சில செயல்கள். ஒவ்வொரு ராக்கெட்டும் எந்த உயரத்தில் எதை எவ்வளவு வெளியிடுகிறது என்பதை ஏவும் நாடும் நிறுவனமும் பொதுவெளியில் அறிவிக்க வேண்டும். புகைக்கோடுகளை விமானத்தாலும் பலூனாலும் லைடாராலும் தொடர்ந்து அளக்க வேண்டும். மாண்ட்ரியல் நெறிமுறையின் கீழ் ராக்கெட் புகையும் எரியும் செயற்கைக்கோள்களும் முறையான அறிக்கைக்கு உட்பட வேண்டும். புதிய எஞ்சின்களையும் செயற்கைக்கோள்களையும் வடிவமைக்கும்போதே இவற்றை ஓர் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

குளோரோபுளூரோகார்பன்களின் ஆபத்து தெரிய வந்தபோது அவை உலகின் ஒவ்வொரு சமையலறையிலும் அங்காடியிலும் நுழைந்துவிட்டிருந்தன. அவற்றை வெளியேற்ற ஒரு தலைமுறை பிடித்தது; காயம் ஆற இன்னும் ஒன்றிரண்டு தலைமுறை ஆகும். ராக்கெட் விஷயத்தில் நாம் அந்தக் கட்டத்தை இன்னும் அடையவில்லை. ஏவும் நாடுகள் சில, நிறுவனங்கள் சில, எரிபொருள்கள் நான்கைந்து. ஓர் அறைக்குள் உட்கார்ந்து பேசி முடிக்கக்கூடிய அளவில் பிரச்சினை இருக்கும் காலம் இது. ஆண்டுக்கு 2,000 ராக்கெட்டுகள் என்ற நிலை வந்த பிறகு, அந்த அறை போதாது.